குளத்து மீனும் அதன் இரட்டை மரபணுக்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோர் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு இடையே கிடக்கும் பழைய ஈயக்குட்டைகளிலும் வீட்டுக்குப் பின்னால் வெட்டிய சிறு குளங்களிலும் மக்கள் வளர்க்கும் மீன்களுக்கு மருத்துவம் பார்த்துவருகிறேன். வெயில் கடுமையான மாதங்களில் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை: சிவப்புத் திலாப்பியா கண் பிதுங்கி, நிலைதடுமாறி வட்டமடித்துச் சாகிறது என்பார்கள். நான் போய்ச் சேருவதற்குள் குளத்தில் ஆன்டிபயாட்டிக் கொட்டப்பட்டிருக்கும். தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், "மீனுக்கு ஏது டாக்டர் எதிர்ப்புச் சக்தி? மருந்து போட்டாத்தானே நிக்கும்?" என்று கேட்டார். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

உண்மை நேர்மாறானது. மீனுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டு, அதன் பின்னணியில் இரட்டித்த மரபணுக்கள் இருக்கின்றன. முதுகெலும்பு உயிர்களின் மூதாதைகளில் முழு மரபணுத்தொகுதியும் இரண்டு முறை இரட்டித்தது. நாம் உண்ணும் மீன்களில் பெரும்பான்மையானவை அடங்கிய எலும்பு மீன் கிளையில், 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, அது மூன்றாம் முறையும் நடந்தது. சால்மன் குடும்பத்திலும், நம் ஊரில் லீகோ என்று விற்கும் கெண்டையிலும் அதன்பின் தனித்தனியே இன்னொரு முறை நேர்ந்தது. கெண்டைக்கு 100 குரோமோசோம்கள். அதன் உறவினமான வரிக்குதிரை மீனுக்கு 50தான்.

இரட்டித்த மரபணு என்னவாகும் என்பதை அந்தப் பெரியவருக்கு அவர் கைப்பழக்கத்தைக்கொண்டே விளக்கினேன். வீட்டில் ரப்பர் பால்வெட்டும் கத்தி இரண்டு இருந்தால், ஒன்று மரத்துக்கே இருக்கும். மற்றதைத் தீட்டி வேறு வேலைக்குப் பழக்கலாம். கவனிக்காமல் விட்டால் துருப்பிடித்துப் போகும். இப்படி உண்டான கூடுதல் நகல்களில் பெரும்பாலானவை காலப்போக்கில் அழிந்துபோகின்றன என்றாலும், தப்பியவற்றில் சில புதிய வேலைகளைக் கற்றுக்கொண்டன. கிருமியின் சாயலை முதலில் கண்டறியும் டோல் வகை ஏற்பிகள் மனிதரிடம் 10தான். மீனினங்களிலோ 20க்கும் மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. முழுத் தொகுதியும் இரட்டிப்பது ஒருபுறமிருக்க, தனி மரபணுக்கள் அடுத்தடுத்து நகலாவதும் இந்தப் பெருக்கத்துக்குக் காரணமாகும்.

ஆயினும் எந்த நகலை வைத்துக்கொண்டது, எதை இழந்தது என்பது இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. 2011இல் வெளியான அட்லாண்டிக் காட் மீனின் மரபணுத்தொகுதி இதில் என்னை மிகவும் வியக்கவைத்தது. பாக்டீரியாவை எதிர்க்க நமக்கு இன்றியமையாத, கிருமியின் துண்டுகளை எதிர்ப்பு அணுக்களுக்கு எடுத்துக்காட்டும் எம்எச்சி இரண்டாம் வகை மரபணுக்களே அதனிடம் இல்லை. முதல் வகை மரபணுக்களோ ஏராளமாகப் பெருகியிருக்கின்றன. அப்படியிருந்தும் அது கடலில் நன்றாகவே வாழ்கிறது. ஒரு மீனுக்குப் பலித்த தடுப்பூசியும் மருந்தளவும் இன்னொரு மீனுக்கும் அப்படியே பலிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கெளுத்திக்கு நண்பர் சொன்ன அளவைத் திலாப்பியாவுக்கு ஊற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எத்தனை நகல்கள் இருந்தாலும், சூடேறிய நீரில் உயிர்வளி குறைந்து, கழிவின் அம்மோனியா ஏறிக்கிடந்தால் அந்த எதிர்ப்பு ஆற்றல் தளர்ந்துவிடும். குளத்தில் ஊற்றும் ஆன்டிபயாட்டிக் இரை எடுக்காத மீனின் உடலுக்குள் போதிய அளவு சேர்வதில்லை. மாறாக, அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியாவைக் கொன்று நிலைமையை மோசமாக்கிவிடலாம், மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்த்துவிடலாம். ஆகவே முதலில் இரையை நிறுத்துங்கள், காற்றூட்டியை ஓடவிடுங்கள், மீன் நெருக்கத்தைக் குறையுங்கள், செத்ததை உடனே அள்ளிப் புதையுங்கள்.

பிறகு, வட்டமடித்துக்கொண்டிருக்கும் மீன்கள் இரண்டு மூன்றை உயிரோடு, குளத்து நீருடன் பையில் கட்டிக் கொண்டுவாருங்கள். மூளையிலிருந்தும் தலைச் சிறுநீரகத்திலிருந்தும் (தலையை ஒட்டிய சிறுநீரக முன்பகுதி) மாதிரி எடுத்தால்தான், நோய்க்குக் காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவா வேறொன்றா என்று சொல்ல முடியும். வழியிலேயே செத்துவிட்டால் பனிக்கட்டியில் வையுங்கள், உறைபெட்டியில் போடவேண்டாம்.