கொடைக்குக் கால் நாட்டியதும் மாத்திரை கேட்டு வராதீர்கள்

சித்திரை பிறந்துவிட்டால் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் எந்த ஊரில் என்றைக்குக் கொடை, அதாவது கோயில் திருவிழா, என்பதைக் காலண்டர் பார்க்காமலே நான் சொல்லிவிடுவேன். கோயிலில் கொடைக்குப் பந்தல்கால் நாட்டிய மறுநாள் அந்த ஊர்த் தாய்மார்கள் இரண்டு பேராவது என் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பார்கள். "பிள்ளைக்குச் சரியாகக் கொடையன்றுதான் மாதவிலக்குத் தேதி வருகிறது. தள்ளிப்போட ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்கள் டாக்டரம்மா." பிள்ளை ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படிப்பாள். ஒரு முறை, குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு விரதம் இருக்கிறாள் என்று 41 நாளுக்கும் சேர்த்து மாத்திரை கேட்ட அம்மாவும் உண்டு.

என்னிடம் வருகிறவர்களாவது பரவாயில்லை. வராதவர்கள் நேராக மெடிக்கலுக்குப் போகிறார்கள். அங்கே மாத்திரை அட்டையை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். அப்படிச் சாப்பிட்ட ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையைப் போன மாதம் அவள் அப்பா கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். 16 நாளாக உதிரப்போக்கு நிற்கவில்லை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள். ஹீமோகுளோபின் 6.2, குறைந்தது 12 இருக்க வேண்டும். அம்மன் கொடைக்கு ஒன்று, அக்காள் வளைகாப்புக்கு ஒன்று, மாடன் கொடைக்கு ஒன்று என்று மூன்று மாதத்தில் மூன்று முறை தள்ளிப்போட்டிருக்கிறார்கள். கடைசி முறை தேதி எப்போது வரும் என்பதே தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று 20 நாள் விழுங்கவைத்திருக்கிறார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று.

மாதவிலக்கு என்றால் என்ன என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "கெட்ட ரத்தம் வெளியே போகிறது" என்றாள். அம்மாவும் தலையாட்டினார்.

இந்தக் கெட்ட ரத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. தாய்மார்களே, உடம்பில் நல்ல ரத்தத்துக்கு ஒரு குழாய், கெட்ட ரத்தத்துக்கு ஒரு குழாய் என்று கிடையாது. விரலில் ஊசி குத்தினால் வருகிற அதே ரத்தம்தான் இதுவும். கூடவே கர்ப்பப்பையின் உள்பக்கம் மெத்தைபோல வளர்ந்த சவ்வும் கரைந்து வருகிறது. கரு தங்கவில்லை என்றால் அந்த மெத்தைக்கு வேலையில்லை. ஹார்மோன் குறைகிறது, மெத்தை உதிர்கிறது. ஒரு மாதம் முழுக்கப் போகிற ரத்தத்தை அளந்தால் பெரும்பாலும் ஒரு டீ கிளாஸ்கூட நிறையாது. பாபநாசம் அணையில் தண்ணீர் தேங்குவதுபோல ரத்தம் உள்ளே தேங்கி நிற்பதும் இல்லை, மாத்திரை அதற்கு ஷட்டர் போடுவதும் இல்லை. ஹார்மோன் குறையாமல் பார்த்துக்கொண்டு, உதிராதே என்று மெத்தையைப் பிடித்து வைக்கிறது மாத்திரை. நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் உதிரும்.

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. கெட்ட ரத்தம் என்றால் அது வெளியே போக வேண்டாமா? மாத்திரை போட்டு உள்ளேயே நிறுத்தி வைக்கச் சொல்வதும் நீங்கள்தானே!

வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடம் சினைப்பையே ஒரு நிலைக்கு வந்திருக்காது. 21 நாளில் வந்தாலும் சரி, 45 நாளில் வந்தாலும் சரி, அந்த வயதில் பெரும்பாலும் அது இயல்புதான். அப்புறம் எந்தத் தேதியை நம்பி மாத்திரையைத் தொடங்குவீர்கள்? வீட்டில் யாருக்காவது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதா, பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா, ஒற்றைத் தலைவலி உண்டா என்று மெடிக்கல் தம்பி கேட்டாரா?

பெரியவளானதும் தாய்மாமன் சீர், பந்தல், தெருமுனையில் அவள் படம் போட்ட பிளெக்ஸ் என்று ஊருக்கே சொல்லிவிடுகிறோம். என்ன நடந்தது என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை. பள்ளிக்கூடமாவது சொல்கிறதா? எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றிப் பாடம் இருக்கிறது, பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் இருக்கிறது. "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். ஒரு பள்ளிக்குப் பேசப் போனபோது பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். கூப்பிட்டு வாருங்கள், பிறகுதான் பேசுவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு மகளைப் பெறப்போகிறவர்கள் அவர்களும்தானே. பெயர் எழுதாமல் கேள்வியைச் சீட்டில் எழுதிப் போடச் சொன்னேன். "அம்மாவுக்கு வயிறு வலிக்கும்போது நான் என்ன செய்ய வேண்டும்?" என்று ஒரு சீட்டு, கையெழுத்து பையனுடையது என்று ஆசிரியை காதில் சொன்னார். இன்னொன்றில், "மாத்திரை போட்டால் சாமிக்குத் தெரியாதா?" மாத்திரையைப் பற்றி மட்டும் பதில் சொன்னேன்.

பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக எறிகிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மலம் கறுத்துப் போகிறதாம். இரும்பு சாப்பிட்டால் அப்படித்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. தள்ளிப்போடும் மாத்திரையைத் தேடி வாங்குகிறோம், தேவையான மாத்திரையைத் தெருவில் போடுகிறோம்.

ஏழு நாளுக்கு மேல் போனாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, மூன்று மாதமாக வராமலே இருந்தாலோ, 15 வயது முடிந்தும் பெரியவளாகவில்லை என்றாலோ, ஜோசியரிடம் போகாமல் டாக்டரிடம் வாருங்கள். மாத்திரை கட்டாயம் தேவை என்று நினைத்தால், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, கடைசி மூன்று மாதத் தேதிகளைக் குறித்துக்கொண்டு, கால் நாட்டுவதற்கு முன்னாலேயே வாருங்கள். வேண்டாம் என்று நான் சொன்னால் அடுத்த தெரு மெடிக்கலுக்குப் போகாதீர்கள். மெடிக்கல் தம்பிமார்களே, டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த அட்டையை எடுக்காதீர்கள். காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்.

அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் இப்போது 9.4. ஆடிக் கொடைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவள் அம்மா இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.