பயாப்சி: உயிர்த்திசு ஆய்வு

‘சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்’ என்றால் புதுச்சேரியிலும் கடலூரிலும் யாருக்கும் புரியும். ஜிப்மர் சீட்டில் அதுவே ‘பயாப்சி’. பிரெஞ்சுத் தோல் மருத்துவர் எர்னெஸ்ட் பெஸ்னியே 1879-இல் வழக்குக்குக் கொண்டுவந்த சொல் இது. கிரேக்கத்தில் ‘பியோஸ்’ உயிர், ‘ஒப்சிஸ்’ பார்த்தல். உயிரோடிருப்பவரின் திசுவை எடுத்துப் பார்ப்பது என்பதால் ‘உயிர்த்திசு ஆய்வு’ பொருந்தும். ‘திசு ஆய்வு’ என்றாலும் போதும். ‘சதைப் பரிசோதனை’ பேச்சுக்குச் சரி, ஆனால் புராஸ்டேட்டில், அதாவது சுக்கிலச் சுரப்பியில், எடுப்பது சுரப்பித் திசு.

புராஸ்டேட்டில் புற்று இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு. பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதத்தின் ரத்த அளவு) கூடியிருக்க, எம்.ஆர்.ஐ. படம் சுத்தமாக இருந்தால் எதை நம்புவது, திசு எடுக்கணுமா? இரண்டுமே சரியாக இருக்கலாம். பி.எஸ்.ஏ. புற்றுக்கு மட்டும் உரியதல்ல. சிறுநீர்த் தொற்று, சிறுநீர் டியூப் போட்டது, வயதில் வரும் புராஸ்டேட் வீக்கம் எல்லாமே அதை ஏற்றும். தொற்று இருந்தால் குணப்படுத்தி, 6 முதல் 8 வாரம் கழித்து அதே லேபில் மறுபடி பாருங்கள். முந்தைய 2 நாள் உடலுறவும் சைக்கிளும் வேண்டாம். புராஸ்டேட் வீக்கத்துக்கான டூட்டாஸ்டெரைடு மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுபவருக்கு அளவு பாதியாகத் தெரியும். டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பிறகு ஒரு வகுத்தல்: பி.எஸ்.ஏ.வைச் சுரப்பியின் கொள்ளளவால் வகுத்தால் வருவது ‘அடர்த்தி’. பி.எஸ்.ஏ. 6, சுரப்பி 60 மி.லி. என்றால் அடர்த்தி 0.10. அதே 6, சுரப்பி 30 மி.லி. என்றால் 0.20. அடர்த்தி 0.15-க்குக் கீழே, எம்.ஆர்.ஐ.யில் பைராட்ஸ் (புற்றுச் சந்தேகத்தை 1 முதல் 5 வரை சொல்லும் மதிப்பெண்) 1 அல்லது 2, விரல் பரிசோதனையில் கட்டியில்லை, குடும்பத்தில் யாருக்கும் இந்தப் புற்று இல்லை என்றால், பி.எஸ்.ஏ.வைத் தொடர்ந்து கவனித்தபடி காத்திருப்பது நியாயமான முடிவு. பைராட்ஸ் 4, 5 என்றால் பயாப்சியைத் தள்ளிப்போட வேண்டாம். 3 வந்தால் அடர்த்திதான் வழிகாட்டும். எம்.ஆர்.ஐ.யை முதலில் எடுங்கள். பயாப்சி ஊசி போட்டபின் எடுத்தால் ரத்தக்கசிவு படத்தைக் குழப்பும்.

‘ஊசி பட்டால் புற்று பரவிடும்’ என்ற பயம் நம்மூரில் பலமானது. புராஸ்டேட்டில் அப்படி நடப்பது மிக மிக அரிது. உண்மையான சிக்கல் தொற்று. பொதுவாக எடுக்கும் 12 நூலிழைத் துண்டுகளை ஆசனவாய் வழியாக எடுத்தால் குடல் கிருமி உள்ளே போக வாய்ப்புண்டு. விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாக எடுத்தால் அது குறைவு. எந்த வழி என்று முன்பே கேளுங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீரில் சில நாளும் விந்தில் சில வாரமும் ரத்தம் தெரிவது வழக்கம்தான். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ, நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.