உலோகச் சோர்வு: சொல் விளக்கம்

ரயில் சக்கரமோ அச்சோ உடைந்து நேரும் விபத்துகளின் ஆய்வறிக்கைகளில் அடிக்கடி தென்படும் சொல் ‘மெட்டல் ஃபட்டீக்’. உலோகம் தாங்கக்கூடிய அளவுக்கு உட்பட்ட விசையே மீண்டும் மீண்டும் தாக்கும்போது, அதில் நுண்விரிசல் தோன்றி, சிறுகச் சிறுக வளர்ந்து, ஒருநாள் திடீரென முறிவதை இச்சொல் குறிக்கிறது.

‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்று குறள் காட்டும் முறிவு இதுவன்று. அங்கே அச்சு இறுவது மிகைச்சுமையால். ரயில் அச்சோ சுமை மிகாமலே முறியக்கூடியது. பெட்டியின் எடையால் இம்மியளவு வளைந்தபடி அது சுழல்வதால், அதன் மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் சுற்றுக்கு ஒருமுறை இழுபட்டும் ஒருமுறை அழுந்தியும் வருகிறது. சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 3 மீட்டர் என்றால், 3,000 கிலோமீட்டர் ஓட்டத்திலேயே இது 10 லட்சம் முறை நிகழ்ந்துவிடும்.

1842 மே 8 அன்று பிரான்சின் வெர்சாய் அருகே எஞ்சின் அச்சு முறிந்து பலர் மாண்ட பிறகே இத்தகைய முறிவுகள் பொறியாளர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தன. ‘களைக்கச் செய்தல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த ‘ஃபட்டீக்’ என்ற சொல்லை, 1854-இல் ஆங்கிலேயப் பொறியாளர் பிரெய்த்வெயிட் தம் ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பிலேயே ஆண்டார். பிரஷ்ய ரயில்வேயைச் சேர்ந்த வோலர், அச்சுகளை இடைவிடாது சுழற்றிச் சோதித்து இதற்கு அளவீடு தந்தார்.

தமிழில் உலோகக் களைப்பு, உலோக அயர்ச்சி, உலோகச் சோர்வு என மூன்றும் வழங்கலாம். இவற்றுள் ‘களைப்பு’ எனக்கு ஒப்பவில்லை. ‘களைப்பாறுதல்’ என்று சொல்கிறோமே, களைப்பு ஓய்வில் ஆறிவிடும்; பணிமனையில் எத்தனை நாள் நிறுத்திவைத்தாலும் அச்சின் விரிசல் ஆறாது. ‘அயர்ச்சி’க்கும் இதே குறை உண்டு. ‘சோர்வு’ என்பதற்கோ தளர்ச்சியோடு நழுவுதல், கசிதல், தவறுதல் ஆகிய பழம்பொருள்களும் உள்ளன. மெல்ல மெல்லக் கைநழுவும் வலிமைக்கு அதுவே பொருந்தும். சோர்வு விரிசல், சோர்வு முறிவு, சோர்வு வரம்பு என்று தொடர் அமைக்கவும் அது இடங்கொடுக்கிறது.

1998 ஜூன் 3 அன்று ஜெர்மனியின் எஷெடேயில் அதிவேக ரயில் தடம்புரண்டு 101 பேர் உயிரிழந்ததற்கு மூலம், சக்கரத்தின் எஃகு வளையத்தில் உட்புறமாக வளர்ந்த ஒரு சோர்வு விரிசல். சக்கரத்தை வெளியிலிருந்து பார்த்தும் தட்டியும் சோதிப்பவருக்குப் புலப்படாத இத்தகைய விரிசல்களைத் தேடவே, காதுக்குக் கேளாத உயர் அதிர்வெண் ஒலியை உலோகத்தினுள் செலுத்திப் பார்க்கும் மீயொலிச் சோதனை பயன்படுகிறது.