வயரில்லாமல் தொட்டியின் நீர்மட்டம்: ரிசீவர் ஏன் பிதற்றுகிறது?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று கீழே மோட்டாருக்குச் சொல்ல, 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ மாட்யூல் ஜோடி ஒன்றை (ஒரு டிரான்ஸ்மிட்டர், ஒரு ரிசீவர்) வாங்கி, புரோகிராம் எழுதி இயக்கும் இரண்டு ஆர்டுயினோ போர்டுகளின் சீரியல் பின்களில் (தகவல் வரிசையாகப் போய்வரும் முனைகளில்) நேராக இணைத்தேன். டிரான்ஸ்மிட்டரை அணைத்த பிறகும் ரிசீவரிலிருந்து ஏதேதோ எழுத்துகள் கொட்டுகின்றன. மாட்யூல் பழுதா?”

பழுதில்லை. அந்த ரிசீவர் அப்படித்தான் இருக்கும். ஏன் என்று புரிந்துவிட்டால், மலிவான இந்தச் சின்ன மாட்யூலை வைத்தே நம்பகமான இணைப்பைக் கட்டிவிடலாம்.

வயர் இழுத்தால் போதாதா? கடலோர ஊர்களில் போதாது. உப்புக் காற்றில் செம்பு இணைப்புகள் பச்சை பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் மாடியிலிருந்து இறங்கும் நீள வயர், மின்னலின் அதிர்வைப் போர்டு வரை கொண்டுவந்து சேர்க்கும். போதாக்குறைக்கு வாஸ்து. சம்ப் ஈசானிய மூலையில், மேல்தொட்டி கன்னி மூலையில் என்று வைப்பதால் வயரும் குழாயும் வீட்டைக் குறுக்காகக் கடக்க வேண்டியிருக்கிறது. தொட்டியின் இடத்தைத் தூண்களின் வலுவும் குழாயின் நீளமும்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை இன்னொரு நாள் விரிவாகப் பேசுவோம்.

டிரான்ஸ்மிட்டரின் வேலை எளிது. டேட்டா பின்னில் 1 வந்தால் அலை வெளியேறும், 0 வந்தால் நிற்கும். அவ்வளவுதான். நொடிக்கு 43 கோடியே 39 லட்சத்து 20 ஆயிரம் முறை அதிரும் அந்த அலையின் நீளம் சுமார் 69 செ.மீ. அதில் கால் பங்கு, அதாவது 17.3 செ.மீ. நீளமுள்ள கம்பியை இரண்டு மாட்யூலிலும் ஆன்டெனாவாகப் பற்ற வையுங்கள். கம்பியில்லாமல் ஓர் அறையைத் தாண்டவே தடுமாறும் இணைப்பு, கம்பியோடு கான்கிரீட் தளத்தைத் தாண்டிவிடும்.

இனி ரிசீவர். இது அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1922-இல் வெளியிட்ட ஓர் அபாரமான யோசனை. பெருக்கும் உறுப்பை (இந்த மாட்யூலில் டிரான்சிஸ்டரை) அதிர விட்டு, அதிர்வு முழுதாக வளருமுன் அணைத்து, மறுபடி அதிர விட வேண்டும். இதை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்ய வேண்டும். வெளியே அலை இருந்தால் அதிர்வு சற்று முந்தி வளரும், இல்லாவிட்டால் தாமதமாகும். ஒற்றை டிரான்சிஸ்டரிலேயே பிரம்மாண்டமான பெருக்கம் கிடைக்கிறது. ஆனால் அலையே இல்லாதபோதும் அதிர்வு எதிலிருந்தாவது முளைத்தாக வேண்டும். அது மின்சுற்றின் சொந்த இரைச்சலிலிருந்து முளைக்கிறது.

எது 1, எது 0 என்று யார் தீர்மானிப்பது? இந்த மாட்யூல்களில் ஒரு கம்பெரேட்டர், அதாவது இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிடும் சுற்று, இருக்கிறது. வரும் சிக்னலை அது நிலையான அளவு எதனோடும் ஒப்பிடுவதில்லை. டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் இருந்தால் சிக்னல் பலமாகவும், தள்ளி இருந்தால் பலவீனமாகவும் வருமே! அதனால் சிக்னலின் அண்மைச் சராசரியை ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் கணித்துத் தருகின்றன. சராசரிக்கு மேலே இருந்தால் 1, கீழே இருந்தால் 0. எவ்வளவு அழகு பாருங்கள்! தூரம் மாறினால் அளவுகோலும் தானாக மாறிவிடுகிறது.

பிதற்றல் பிறப்பதும் இங்கேதான். அலை நின்றுவிட்டால் சராசரி மெல்ல இறங்கி இரைச்சலின் நடுவில் போய் உட்காரும். அப்புறம் இரைச்சலின் ஒவ்வொரு துடிப்பும் 1 ஆகவோ 0 ஆகவோ வெளிவரும். நீளமாக 1 மட்டும் அனுப்பினாலும் சராசரி மேலேறி அதே கதிதான். சீரியல் பின் சும்மா இருக்கும்போது 1-இல்தான் நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள். நேராக இணைத்தது ஏன் சரிவரவில்லை என்பது விளங்கும்.

ஆக, சராசரி எப்போதும் நடுவிலேயே நிற்கும்படி அனுப்ப வேண்டும். ஆர்டுயினோவுக்கான ரேடியோஹெட் லைப்ரரி (ஆயத்தமாகக் கிடைக்கும் புரோகிராம் தொகுப்பு) அதைத்தான் செய்கிறது. தகவலின் ஒவ்வொரு 4 பிட்டுக்கும் (ஒரு பிட் என்பது ஒரு 1 அல்லது ஒரு 0) பதிலாக ஒரு 6 பிட் குறியீட்டை அனுப்புகிறது. ஒவ்வொரு குறியீட்டிலும் மூன்று 1, மூன்று 0. அப்படி எழுத 20 வழிகள் உண்டு, தேவையோ 16 தான். மிஞ்சும் நான்கில் 111000, 000111 இரண்டும் அடங்கும். இவை இல்லாததால், எந்தக் குறியீட்டை அடுத்து எந்தக் குறியீடு வந்தாலும், தகவல் பகுதியில் ஒரே பிட் நான்கு முறைக்கு மேல் தொடராது. நொடிக்கு 2000 பிட் வேகத்தில் அது 2 மில்லிநொடி. அதற்குள் சராசரி பெரிதாக நகராது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த நுணுக்கம். ஒதுக்கிய 111000 வீணாகவில்லை. முதலில் 1, 0 என்று மாறிமாறி 36 பிட்டுகள் போய்ச் சராசரியை நடுவுக்குக் கொண்டுவரும். பிறகு 12 பிட் தொடக்கக் குறி. அதன் முதல் பாதிதான் இந்த 111000. எந்தத் தகவலுக்கும் தராத குறியீடு என்பதால், ‘செய்தி இங்கே தொடங்குகிறது’ என்று சொல்ல அது பொருத்தமானது. செய்தியின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண் வரும். கணக்கு ஒத்துப்போகாத செய்தியை லைப்ரரியே தள்ளிவிடும்.

நீர்மட்டத்தை ஒரே பைட்டில் (8 பிட்) அனுப்பினால், தொடக்கப் பிட்டுகள், தலைப்பு, சரிபார்ப்பு எண் எல்லாம் சேர்த்து மொத்தம் 144 பிட்டுகள், 72 மில்லிநொடி. பத்து நொடிக்கு ஒருமுறை அனுப்புங்கள், தாராளம். பக்கத்து வீட்டுக்காரரும் இதே மாட்யூலை வாங்கக்கூடும். அதனால் செய்தியின் தலைப்பில் உங்கள் வீட்டுக்கென்று ஓர் எண் கொடுங்கள். செய்தி போய்ச் சேர்ந்ததா என்று டிரான்ஸ்மிட்டருக்குத் தெரியாது. ஆகவே ஒரு நிமிடம் செய்தி ஏதும் வராவிட்டால் கீழே இருக்கும் ஆர்டுயினோ மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். புரோகிராமில் முதலில் இதை எழுதுங்கள், மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் மின்சுவிட்சான ரிலேயை மோட்டாரோடு இணைக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.