கண்ட்ரோலர்: கட்டுப்படுத்தியா, பிடியா?

தருமபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய செல்போன் கடை ஒன்றில், வீடியோ கேம் ஆடக் கையில் பிடிக்கும் கருவி வாங்கப் போய், "கேம் கண்ட்ரோலர் இருக்கா அண்ணா?" என்று கேட்டேன். அவர் ஒரு நொடி யோசித்து, "ஜாய்ஸ்டிக்கா? ஒயர் வெச்சதா, ஒயர்லெஸ்ஸா?" என்றார். பெட்டியை எடுத்து வைத்ததும், கூட வந்த அக்கா பையன், "மாமா, இதே ரிமோட்டுதான்" என்றான். பெட்டி மேலோ 'கேம்பேட்' என்று போட்டிருந்தது.

இதில் ஜாய்ஸ்டிக் பொருந்தாத பெயர். 1910 வாக்கில் விமான ஓட்டிகள் தங்கள் முன்னால் நிற்கும் இயக்குகோலுக்கு வைத்த செல்லப்பெயர் அது. 1977-ல் வந்த அடாரி ஆட்டப்பெட்டியில் நிஜமாகவே ஒரு குச்சி நட்டுக்கொண்டு நின்றது, பெயரும் பொருந்தியது. 1983-ல் நின்டெண்டோவின் ஃபாமிகாம் ஆட்டப்பெட்டியில் குச்சி போய், கூட்டல் குறி வடிவப் பொத்தான் வந்தது. பெயர் மட்டும் நம் கடைகளில் இன்னும் போகவில்லை.

கண்ட்ரோலரின் கதை இன்னும் சுவையானது. அதன் வேர் இடைக்கால லத்தீனில் உள்ள 'கான்ட்ராரோட்டுலஸ்', அதாவது எதிர்ச்சுருள். கணக்கு எழுதிய சுருளுக்கு இன்னொரு படி வைத்து, இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். ஆக, முதல் கண்ட்ரோலர் ஒரு கணக்குச் சரிபார்ப்பவர். பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் அந்தப் பழைய வாசனை இன்னும் இருக்கிறது.

தமிழில் இதற்குக் 'கட்டுப்படுத்தி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்தலாம், தீயைக் கட்டுப்படுத்தலாம், சர்க்கரையைக்கூட. அங்கெல்லாம் அடக்குவதுதான் வேலை. ஆட்டத்தில் யாரும் எதையும் அடக்கவில்லை, ஓட்டுகிறார்கள். 'இயக்கி' நல்ல சொல்தான், ஆனால் கணினித் தமிழில் அதை கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளுக்குக் கொடுத்துவிட்டோம். 'இயக்குபிடி' சரியாக இருக்கிறது. நான் 'ஆட்டப்பிடி' என்பேன், சொல்ல எளிது. மண்வெட்டிக்கும் கொடுவாளுக்கும் பிடி உண்டு. ஏருக்கு மட்டும் மேழி என்று தனிப்பெயர். மேழியை அழுத்தினால் கொழு ஆழமாக இறங்கும், லேசாகச் சாய்த்தால் சால் விலகும். இன்றைய பிடிகளில் கட்டைவிரலால் சாய்க்கும் குட்டி அனலாக் குச்சியில் செய்வதும் ஏறக்குறைய அதே வேலை. (பிடி என்றால் பெண் யானையும்தான். யானைகள் நடமாடும் தேன்கனிக்கோட்டைப் பக்கம் "பிடி வந்துருச்சா?" என்று சத்தமாகக் கேட்காமல் இருப்பது நல்லது.)

ஒயர்லெஸ்ஸுக்குக் 'கம்பியில்லா' பழைய சொல்தான். 'கம்பியில்லாத் தந்தி' என்றே ஒரு காலத்தில் எழுதினார்கள். தந்தி என்றாலே கம்பிதான் என்பது யாருக்கும் உறுத்தவில்லை!

வாங்கப் போகிறவரை ஏமாற்றுவது இந்த 'ஒயர்லெஸ்' என்ற சொல்தான். ப்ளூடூத்தும் ஒயர்லெஸ், யு.எஸ்.பி.யில் குட்டி ரிசீவர் செருகுவதும் ஒயர்லெஸ். எக்ஸ்பாக்ஸ் பெட்டி தன் பிடியோடு பேசுவது ப்ளூடூத்தில் அல்ல, தனக்கென்று வைத்திருக்கும் வேறொரு முறையில். 2016 முதல் வந்த எக்ஸ்பாக்ஸ் பிடிகளில் ப்ளூடூத்தும் சேர்ந்திருப்பதால் அதே பிடி கணினிக்கும் ஆகும். பிளேஸ்டேஷன் 5-ல் பழைய 4-ன் பிடியை இணைக்கலாம், ஆனால் 4-ன் ஆட்டங்களை மட்டுமே ஆட முடியும். 5-க்கென்று வந்த ஆட்டங்களுக்கு, அதனோடு வரும் டூயல்சென்ஸ் போல 5-க்கான பிடி வேண்டும். இது தெரியாமல் 'கன்சோல், பிசி' (ஆட்டப்பெட்டி, கணினி) என்று போட்டிருந்த அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனேன். கணினியில் ஓடியது. அக்கா வீட்டு பிளேஸ்டேஷன் 5 அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாற்றக் கொண்டுபோனபோது கடைக்காரர், "கன்சோல்னா எந்தக் கன்சோல்னு கேட்டிருக்கணும் இல்ல?" என்றார். கேட்டிருக்க வேண்டும்தான்.

அப்புறம் டூயல்சென்ஸே வாங்கினோம். கணினியோடு ப்ளூடூத்தில் சேர்ந்துகொள்கிறது. ஆனால் அதன் நுணுக்கமான அதிர்வுகளும் விரலுக்கு எதிராக இறுகும் பொத்தானும் கணினியில் பல ஆட்டங்களில் கம்பி செருகினால்தான் கிடைக்கின்றன. கம்பியில்லாப் பிடி வாங்கிவிட்டோம் என்று டைப்-சி ஒயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.