பாக்கெட்டில் அச்சிட்ட கியூஆர் கோடு யாருடைய முகவரிக்குப் போகிறது?

கோத்தகிரிப் பக்கம் சிறிய அளவில் தேயிலை தயாரித்துச் சொந்தப் பெயரில் விற்கும் ஓர் அம்மா, சென்ற மாதம் குன்னூரில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஒரு பை நிறைய பாக்கெட்டுகளோடு வந்தார். "தம்பி, சென்னையிலிருந்து ஒருத்தர் போன் பண்ணித் திட்டுறாருங்க. அவங்க பையன் இந்தக் கட்டத்தைப் போன்ல காட்டினா சீட்டாட்டம் வருதாம்" என்றார். பாக்கெட்டின் பின்பக்கத்தில், கட்டை விரல் அகலத்துக்கு ஒரு கியூஆர் கோடும், அதன் கீழே "போனை இங்கே காட்டுங்கள், எங்கள் தோட்டம் உங்கள் மேசையில் விரியும்" என்ற வரியும் இருந்தன. என் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பார்த்தேன். பணம் கட்டி விளையாடும் சூதாட்டத் தளம் ஒன்றுதான் திறந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த ஆக்மென்டட் ரியாலிட்டி (சுருக்கமாக ஏஆர்: போன் கேமராவில் தெரிவதன் மேல் கணினி உருவங்களை வைத்துக் காட்டும் நுட்பம்) காட்சியைச் செய்து கொடுத்த நிறுவனம், கோடு போய்ச் சேரும் இணைய முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்துவிட்டுப் பிறகு புதுப்பிக்காமல் விட்டிருக்கிறது. காலாவதியான முகவரியை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். நிரப்பப்படாத பவுச்சுகள் சுமார் 3,000 இன்னும் அவர் வீட்டில் இருக்கின்றன.

இந்த ஓராண்டில் என்னிடம் வந்த இத்தகைய நான்காவது பிரச்சினை இது. மற்ற மூவரில் ஒருவர் யூகலிப்டஸ் தைலம் விற்பவர், ஒருவர் வீட்டுமுறை சாக்லேட் செய்பவர், இன்னொருவர் தங்கும் விடுதி நடத்துபவர். நால்வருமே பணத்தைக் கொடுத்தார்கள், வேலையையும் வாங்கினார்கள், ஆனால் என்ன வாங்கினோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டுப் போராடிக்கொண்டிருக்கும் ஒரு மாவட்டத்தில், சிறு உற்பத்தியாளர் தன் பெயரில் விற்க முன்வருவதே பெரிய காரியம். அந்த முயற்சி இப்படி வீணாவதைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ள முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் தவறான எண்ணம் ஒன்றுதான்: ஏஆர் என்பது லேபிள் அடிப்பதைப் போல, ஒருமுறை காசு கொடுத்தால் முடிந்துபோகும் வேலை என்பது. இல்லை. லேபிளில் மை காய்ந்ததும் அச்சகத்துக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு முடிகிறது. நாளை அந்த அச்சகமே மூடப்பட்டாலும் உங்கள் லேபிள் அப்படியே இருக்கும். ஏஆர் காட்சி பாக்கெட்டில் இருப்பதில்லை. பாக்கெட்டில் இருப்பது வெறும் முகவரி. காட்சி எங்கோ ஒரு சர்வரில் வாடகைக்குக் குடியிருக்கிறது. அந்த முகவரிக்கு ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும், சர்வருக்குக் கட்ட வேண்டும், படத்தை அடையாளம் கண்டு அதன் மேல் காட்சியை நிறுத்தும் மென்பொருளுக்குப் பெரும்பாலும் உரிமக் கட்டணம் தனியாக உண்டு, சில மென்பொருள்களில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்தும் கட்டணம் ஏறும். இவற்றுள் ஏதாவது ஒன்று நின்றாலும் பாக்கெட்டின் மேல் இருப்பது பொருளற்ற கறுப்புக் கட்டம்தான், இந்த அம்மாவுக்கு நேர்ந்ததுபோல் அதைவிட மோசமாகவும் ஆகலாம். அச்சிட்ட பிறகும் போய்ச் சேரும் முகவரியை மாற்றிக்கொள்ள உதவும், மாதச் சந்தாவில் கிடைக்கும் டைனமிக் கியூஆர் சேவைகளுக்கும் இதுவே பொருந்தும்.

"பெரிய கம்பெனியின் மேடையில் போட்டால் பத்திரம்தானே" என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறேன். இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் வணிக நிறுவனங்கள் தமக்கென ஃபில்டர் (கேமராவில் முகத்தின் மேலோ சுற்றுப்புறத்தின் மேலோ படியும் ஏஆர் காட்சி) செய்துகொள்ள உதவிய மெட்டா ஸ்பார்க் 2025 ஜனவரி 14 அன்று மூடப்பட்டது. மூடப்போவதாக அறிவித்தது 2024 ஆகஸ்டில்தான். வெளியார் செய்து ஏற்றியிருந்த ஃபில்டர்கள் அனைத்தும் அன்றோடு நீக்கப்பட்டன. அதற்கு முன், ஏஆர் விளம்பரத்தில் உலகெங்கும் பேசப்பட்ட லண்டனின் பிளிப்பார் நிறுவனம் 2018 டிசம்பரில் திவால் நடவடிக்கைக்குள் போனது. மெட்டாவைப்போல் முன்பே அறிவித்து நான்கைந்து மாத இடைவெளி கிடைத்தாலும், அச்சடித்த பவுச் அதற்குள் தீராது. பலவண்ணப் பவுச்சுகளை உருளை செதுக்கி அடிக்கும்போது குறைந்த எண்ணிக்கைக்கு அச்சகங்கள் ஒப்புக்கொள்வதில்லை என்பதால், சிறு உற்பத்தியாளர் வாங்கும் ஒரு தவணைப் பவுச் இரண்டு மூன்று ஆண்டுகள் வீட்டில் கிடக்கும். ஆகவே ஏஆர் காட்சியின் ஆயுளைக் கடைசிப் பவுச் நிரம்பும் நாளையும், அதற்குப் பின் அது அலமாரியில் இருக்கும் காலத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இது இருக்க, நம் மலைக்கென்றே உள்ள சிக்கல்களையும் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ அலுவலக வைஃபையில் காட்டப்படும் மாதிரிக் காட்சியைப் பார்த்து மயங்காதீர்கள். தோட்டத்துப் பள்ளத்தில், ஒரு கோடு சிக்னலில், 40 எம்பி முப்பரிமாண உருவம் இறங்குவதற்குள் வாடிக்கையாளர் தேநீரைக் குடித்து முடித்துவிடுவார். நான் 5 எம்பிக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. கேமரா பிடித்துக்கொள்ளக் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளும் முனைகளும் வேண்டும் என்பதால், தொட்டபெட்டாவில் மூடுபனி இறங்கிய நேரத்தில் "மலையைப் பார்த்துப் போனை நீட்டுங்கள்" என்னும் காட்சிகள் வெறும் வெண்மையைப் பார்த்துத் திகைத்து நிற்கும். பளபளக்கும் ஃபாயில் பவுச்சில் விளக்கொளி பட்டால் பாதிப் படம் மறையும். உருண்டையான டப்பாவில் படம் வளைந்து அடையாளம் தப்பும். ஒரே பச்சையில் இலை மட்டும் வரைந்த அட்டையும் உதவாது, ஏனென்றால் எல்லா இலையும் கேமராவுக்கு ஒன்றுபோல்தான் தெரியும்.

ஒரு வேலையை நானே மறுத்திருக்கிறேன். மேட்டுப்பாளையம் சாலையில், பர்லியாறு பக்கத்து வளைவில் பெரிய பலகை வைத்து, வண்டியை ஓரங்கட்டிப் போனில் பார்த்தால் யானை நடந்துவருவதுபோல் ஏஆர் செய்யலாம் என்றார்கள். உண்மையான யானை சாலையைக் கடக்கும் இடம் அது. போனைப் பார்த்தபடி மனிதர்களை மலைப்பாதையில் நிறுத்தும் எந்த விளம்பரத்தையும் தயவுசெய்து எவரும் செய்யாதீர்கள், செய்யக் கேட்பவர்களுக்கும் மறுத்துவிடுங்கள்.

ஏஆர் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்தன்று. 2017இல் அறைகலன் விற்கும் ஐக்கியா நிறுவனம் தன் செயலியில் சோபாவை உங்கள் கூடத்திலேயே உண்மை அளவில் வைத்துக் காட்டியபோது, "இது என் வீட்டில் அடங்குமா" என்று வாங்குபவர் மனத்தில் ஏற்கெனவே இருந்த கேள்விக்கு விடை கிடைத்தது. உங்கள் பொருளைப் பற்றி அப்படி எந்தக் கேள்வி இருக்கிறது என்று முதலில் யோசியுங்கள். தேயிலை வாங்குபவருக்கு எத்தனை கிராம், எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் என்பதுதான் கேள்வி என்றால், அரை நிமிட வீடியோ போதும். அது எந்தப் போனிலும் ஓடும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூவேலைச் சால்வையைத் தோளில் போட்டால் எப்படி விழும் என்று காட்டுவது பயனுள்ள ஏஆர். ஆனால் அந்த வடிவங்களைத் தோடர்களின் ஒப்புதலின்றி ஃபில்டராக்குவது தகாது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: முகத்தைப் படம்பிடிக்கும் ஃபில்டர் என்றால் அந்தப் படம் எங்கே போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. சாக்லேட் பாக்கெட்டை ஸ்கேன் செய்பவர்களில் பிள்ளைகள்தாமே அதிகம்? உணவுப் பாக்கெட்டில் அச்சிட்டே ஆக வேண்டிய விவரங்களைக் கோடுக்குப் பின்னால் ஒளித்துவைக்கவும் முடியாது.

இனி அச்சுக்குக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை. இணைய முகவரியை உங்கள் பெயரில், ஓடிபி உங்கள் போனுக்கு வரும்படி பதிவு செய்யுங்கள். ஏஜென்சியின் பெயரிலோ அவர்களுடைய பையன் பெயரிலோ வேண்டாம். கோடு நேராக ஏஆர் மேடைக்குப் போகக் கூடாது; உங்கள் தளத்தின் ஒரு பக்கத்துக்குப் போய், அங்கிருந்து காட்சிக்குப் போகட்டும். மேடை மூடினாலும் அந்தப் பக்கத்தில் தோட்டத்துப் படமும் தேநீர் போடும் முறையும் இருக்கும். முப்பரிமாண உருவம் அடங்கிய, ஆண்ட்ராய்டுக்கான ஜிஎல்பி கோப்பையும் ஐபோனுக்கான யுஎஸ்டிஇசட் கோப்பையும் கையில் வாங்கிக்கொண்ட பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். கோடு 2 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். சுற்றிலும், கோட்டுக்குள் இருக்கும் சிறு சதுரங்களில் நான்கின் அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள். அழகுக்காகப் பழுப்பின் மேல் பச்சையில் அச்சிடாதீர்கள். நிரப்பி ஒட்டிய உண்மையான பவுச்சை, விலை குறைந்த ஒரு போனிலும், டேட்டா சுமாராக எடுக்கும் இடத்திலும் வைத்துச் சோதியுங்கள். இத்தனையும் அரை நாள் வேலை. அந்த அரை நாளைத் தயவுசெய்து ஒதுக்குங்கள்.

அந்த அம்மாவின் பெயரில் புதிய முகவரி ஒன்றை அன்றே பதிவு செய்தோம். புதிய கோடு அச்சிட்ட வெள்ளை ஒட்டுத்தாளை அவரும் மகளும் நான்கு மாலைகள் உட்கார்ந்து, பழைய கோட்டின் ஓரம்கூடத் தெரியாதபடி 3,000 பவுச்சுகளிலும் ஒட்டி முடித்திருக்கிறார்கள். ஊட்டியிலும் கோயம்புத்தூரிலும் கடைகளில் இருக்கும் பாக்கெட்டுகளுக்காக அவர் ஒட்டுத்தாள் சுருளோடு நேரில் போய்வருகிறார். விற்றுப்போய் வீடுகளுக்குள் இருப்பவற்றை எட்ட எங்களுக்கு வழி தெரியவில்லை.