கவித்து, கவீத்தே: ஒரு கொக்கியிலிருந்து வந்த இரு பெயர்கள்

பிலிப்பீன்சின் மணிலா விரிகுடாவின் தென்கரையில் உள்ள கவித்து என்னும் ஊரும், அதற்கு அருகே கடலுக்குள் நீண்டு வளைந்த நிலமுனையில் அமைந்த கவீத்தே நகரமும், கவீத்தே மாகாணமும் ஒரே சொல்லிலிருந்து பெயர் பெற்றவை. அது தகலோகு மொழியில் கொக்கியைக் குறிக்கும் 'கவித்' என்னும் சொல். அதே பொருளுடைய 'கலவித்' என்பதையும் மூலமாகக் காட்டுவர். வரைபடத்தில் பார்த்தால் கரையிலிருந்து புறப்பட்டு வளைந்து நிற்கும் அந்த நிலம் கொக்கியைப் போலவே தோன்றுகிறது.

உள்ளூரில் வேறொரு கதையும் வழங்குகிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடித்துக்கொண்டிருந்த கொல்லர் ஒருவரிடம் ஸ்பானியர் ஒருவர் ஊரின் பெயரைக் கேட்டாராம். கையிலிருக்கும் பொருளைத்தான் கேட்கிறார் என்றெண்ணிய கொல்லர் 'கவித்' என்றாராம். கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டதால் பெயர் பிறந்தது என்னும் இத்தகைய கதைகள் பிலிப்பீன்சின் பல ஊர்களுக்கு உண்டு என்பதால், நிலத்தின் வடிவமே நம்பத்தக்க காரணம் என்று கொள்கிறேன். நிலமுனைக்குத் 'தங்வாய்' என்ற பழம்பெயர் இருந்ததும் இதற்குத் துணை நிற்கிறது; அச்சொல்லின் பொருள் தீபகற்பம், ஈழ வழக்கில் சொல்வதானால் குடாநாடு.

'கவித்' எப்படிக் 'கவீத்தே' ஆயிற்று? ஸ்பானியச் சொற்கள் பொதுவாகத் தகர மெய்யில் முடிவதில்லை. ஆகவே இறுதியில் ஓர் எகர ஒலி சேர்ந்தது. தமிழிலும் வல்லின மெய் சொல்லிறுதியில் நில்லாததால் நாம் உகரம் சேர்த்துக் 'கவித்து' என்கிறோம். இரு மொழிகளும் ஒரே இடர்ப்பாட்டைத் தத்தம் உயிரொலியால் தீர்த்துக்கொண்டிருப்பது எனக்கு வியப்பளிக்கிறது.

ஸ்பானியர் நிலமுனையில் துறைமுகமும் சான் பெலிப்பே கோட்டையும் கட்டி, பசிபிக்கைக் கடக்கும் பெருங்கப்பல்களுக்கான தளமாக அதை ஆக்கியபின், அது 'துறைமுகக் கவீத்தே' என்றும் கவித்து 'பழைய கவீத்தே' என்றும் அழைக்கப்பட்டன. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் வரலாறு எழுதினால் பிழை நேரும். மூன்று பாதிரியார்கள் கழுத்து நெரித்துக் கொல்லப்படக் காரணமான 1872ஆம் ஆண்டுக் கலகம் துறைமுகக் கவீத்தேயின் கோட்டையில் வெடித்தது. பிலிப்பீன்சு விடுதலைப் போராட்டத் தலைவர் எமிலியோ அகினால்டோவின் வீட்டில் 1898 ஜூன் 12 அன்று விடுதலை அறிவிக்கப்பட்டதோ பழைய கவீத்தேயில், அதாவது இன்றைய கவித்தில்.

பொருளளவில் இச்சொல்லுக்கு நேரான தமிழ் 'கொக்கி'. காய் பறிக்கும் துறட்டியோ மீன் பிடிக்கும் தூண்டிலோ ஒவ்வொரு தொழிலுக்கு மட்டும் உரியவை. வளைந்த முனையைப் பொதுவாகக் குறிப்பது கொக்கியே. மரக்கிளையின் பிரிவைக் குறிக்கும் நம் 'கவடு' ஒலியால் நெருங்கி நின்றாலும், அதைக் கொண்டு உறவு கற்பிப்பது தகாது. ஊர்ப்பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. நிலத்தை விளக்க நேரும்போது 'கொக்கிமுனை' எனலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து 'கேவைட்' என்று எழுதுவதை விடுத்து, ஊருக்குக் 'கவித்து' என்றும், நகரத்துக்கும் மாகாணத்துக்கும் 'கவீத்தே' என்றும் எழுதுவதே முறை.